ஐஸில் வைத்த ரத்தம்

போன் வந்தபோது நான் பசியாவரம் தீவில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தேன். "லேப் கலைவாணி போயிட்டாங்க சிஸ்டர். மாரடைப்பாம்" என்றார் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர். "எந்தக் கலைவாணி?" என்று கேட்டேன். எங்கள் நிலையத்தில் இருந்ததே ஒரே ஒரு லேப் டெக்னீஷியன். அப்படிக் கேட்ட வாயை என்ன சொல்வது!

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவளோடு பழகிய உங்களுக்குத் தெரியும், எனக்கும் அவளுக்கும் ஆகாது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி வாய்த்துடுக்கு. நான் தீவுக் கிராமத்துச் செவிலியர். ரத்தம் எடுத்து அனுப்புவேன். அவள் குழாயில் நேரம் எழுதவில்லை, அளவு போதாது என்று திருப்பி அனுப்புவாள். "தப்பான ரிசல்ட்டைச் சீக்கிரம் குடுத்து இன்னா பண்ணப் போற ரேவதி?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன், மங்களூரில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்த என் தம்பி குமார், காய்ச்சலோடு வந்து படுத்தான். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து "யாரு நீ?" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரத்தம் எடுத்தேன். அதைக் கொண்டுபோகும் பெட்டி அக்கரையில், சுகாதார நிலையத்திலேயே கிடந்தது. கெடாமல் இருக்க வேண்டுமென்றால் ஐஸில் வை என்பதுதானே எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி? என் அப்பா, அதாவது நைனா, இறால் வைக்கும் எறா பெட்டியில், உப்புப் போட்ட ஐஸுக்குள் குழாயைச் செருகினேன். அந்த நிலையில் குமாரைப் படகில் ஏற்ற அம்மா பயந்ததால், அவனை அவளிடம் விட்டுவிட்டு நானும் நைனாவும் படகேறினோம்.

கலைவாணி வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். "எதுல வெச்சு எடுத்தாந்த?" என்றாள். சொன்னேன். "போச்சு. ரத்தம் ஐஸாயிட்டு செல்லெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. மலேரியா இருந்தாலும் இதுல தெரியாது." உடனடியாகச் சோதிக்கும் கிட்டும் தீர்ந்து போயிருந்தது.

நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு எழுதிக் குடும்மா. டாக்டரு வேற ஊசியாச்சும் போடட்டும்."

"எழுதிடேன் கலை" என்றேன் நானும். ஆமாம், செவிலியர் படிப்பு படித்த நான்தான்.

"இல்லன்னு எழுத மாட்டேன். தெரியலன்னுதான் எழுதுவேன். ரெண்டும் ஒண்ணு இல்ல ஐயா."

வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. தீவுக்குப் போய் ரத்தம் எடுத்துத் திரும்பி வருவதற்குள் என்ன ஆகுமோ என்று புலம்பினேன். அவளோ மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "படகு எங்க நிக்குது?" என்றாள். மீஞ்சூர்க்காரி, தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். வழி முழுக்கக் கண்ணை மூடி, ஒரு கையால் நைனாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். மறுகை மைக்ராஸ்கோப்பை விடவில்லை.

குமாரின் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தீற்றிக் காயவைத்து, சாயம் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். அம்மா புலம்பத் தொடங்கினாள். "யாரும் பேசாதீங்க!" என்று கலை அதட்டினாள். நைனா கும்பிட்டபடியே நின்றார். உள்ளே குமார் பிதற்றிக்கொண்டிருந்தான்.

"இருக்குது. மூளைக்கு ஏறுற வகை. படகைத் தள்ளுங்க!"

அங்கிருந்தே டாக்டருக்கு போனில் சொன்னாள். மதியத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் குமாருக்கு மருந்து ஏறியது. பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் லேப் பதிவேட்டைப் பார்த்தேன். 'முதல் மாதிரி ஐஸில் வைக்கப்பட்டதால் கெட்டது. எடுத்தவர்: ரேவதி.' எனக்கு ரத்தம் கொதித்தது. "என் பேரை ஏன்டி இழுத்த?"

"மறைச்சா நாளைக்கு இன்னொருத்தி ஐஸ்ல வைப்பா. அவ தம்பிக்கு இன்னா பதில் சொல்லுவ?"

எனக்கு மெமோ வந்தது. அதன்பிறகு வேலை விஷயம் தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடம்.

மீஞ்சூரில் சாவு வீட்டில் குமார் குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. தம்பியைக் காப்பாற்றியவளிடம் நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மெமோ வாங்கித் தந்தாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, 'தெரியல' என்று சொல்லும் துணிச்சல். நேற்று ஒரு தாய், "என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லதானே சிஸ்டர்?" என்று கையைப் பிடித்தாள். "தெரியலம்மா. நான் எடுத்த ரத்தம் கெட்டுப்போச்சு. தப்பு என்னுதுதான், மறுபடி எடுக்கணும்" என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டினாள். வாங்கிக்கொண்டேன். பிறகு பதிவேட்டில் என் பெயரை நானே எழுதினேன், கலை.