முன் சக்கரத்துக் கல்

மலைப்பாதையில் வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்போம். கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட வேண்டும். ஜவ்வாது மலையில் எல்லாருக்கும் இது பழக்கம். யாரோ எடுக்காமல் போன கல்லில் மோதி, என் மாணவி ஒருத்தியின் அப்பா பைக்கோடு விழுந்தார். அதிலிருந்து வகுப்பில் அடிக்கடி சொல்வேன்: வழியில் கல்லைப் பார்த்தால் எடுத்துப் போடுங்கள்.

என் மகள் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். வேலை கிடைக்காமல் சலித்துப்போய், ஆலங்காயத்தில் ஒரு கொட்டகையில் கிடந்த பழைய அம்பாசிடரை வாங்கி வந்தாள். இதை ஓட்டிக் காட்டிவிட்டால் பழைய கார் வேலைகள் தன்னைத் தேடி வரும் என்று நம்பினாள். கருவிகள் வாங்க வசதியில்லை. தானே செய்துகொண்டாள். பிரேக் டிரம்மைப் பிடித்து இழுக்க, துளை போட்ட இரும்புப் பட்டை. பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற, குளுக்கோஸ் ஏற்றும் டியூபும் தண்ணீர் பாட்டிலும். காருக்கு அடியில் படுத்தபடி நகர, பழைய பேரிங் பொருத்திய கதவுப் பலகை. தூக்கிய காரைத் தாங்க, இரண்டு புளியங்கட்டைகள்.

"இரும்பு ஸ்டாண்டு வாங்கிடலாமே" என்றேன்.

"இதும்மேல லாரியே நிக்கும்மா. நீ பயப்படறதுக்குன்னே பொறந்தவ."

வீட்டுக்கு முன்னால் சாலை சரிவு. காரின் முகம் மேட்டைப் பார்த்திருந்தது. பின்பக்கம் கட்டைகளின் மேல். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். அவள் அடியில் படுத்திருந்தாள், நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"மிதிம்மா. புடி. வுடு." டியூபில் குமிழ்கள் குறைந்துகொண்டே வந்தன. "ஆயில் தீந்துடுச்சு. ஜன்னல்ல டப்பா கீது, எடுத்தாந்து ஊத்து."

நான் டப்பாவோடு திரும்பும்போது பால்காரர் பைக்கை வளைத்து நிறுத்தினார். "இன்னா டீச்சரம்மா, வூட்டு வாசல்லயே கல்லு கீது. பாடமெல்லாம் பசங்களுக்கு மட்டும்தானா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கல் பாதி சாலையில் துருத்திக்கொண்டிருந்தது. டயரை லேசாகத்தான் தொட்டிருந்தது. குனிந்து எடுத்து ஓரத்தில் போட்டேன். எதற்காக வைத்த கல் என்று அந்த நொடியில் தோன்றவேயில்லை.

ஆயிலை ஊற்றிவிட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அந்த அசைவில் கார் பின்னால் நகர்ந்தது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் ஒரு சாண் போய்விட்டது. கட்டைகள் சாய்ந்தன. பேரிங் பலகை அவளைச் சுமந்துகொண்டு உருண்டதால் தலை தப்பியது. இடது கை கட்டையில் சிக்கியது.

இப்போதும் அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கார் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "என் கட்டைதான் தப்பு. அளவு பாத்து அறுக்கத் தெரியல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் காபி கொடுத்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கருவிகளையெல்லாம் சாக்கில் போட்டாள். "சந்தவாசல் காயலான் கடைல போட்டுடலாம். எனக்கு இந்த வேல வராதும்மா."

"கட்டை சரியாத்தான் இருந்திச்சு" என்றேன். "கல்ல நாந்தான் எடுத்தேன்."

அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கல் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

சாக்கைக் கட்டாமலே விட்டு உள்ளே போனாள். அது இன்னும் கதவோரம் இருக்கிறது. கடைக்கும் போகவில்லை, பிரித்தும் வைக்கவில்லை. அவள் என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும் பேசுகிறாள்.