மனப்பாடமான ரூட்டு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முன்பு டவுன் பஸ் ஓட்டினவர். இப்போது கண் தெரியாது. வெப்சைட்டுகளைக் குறை சொல்வதுதான் வேலை. கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லாம் ஒரு வெப்சைட்டைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சொல்ல ஒரு கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. குறை சொல்ல ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் எங்கள் கணக்கு வாத்தியார் என்னை விட்டுவிட்டு அங்கே போயிருப்பார்.

மாமா மவுஸைத் தொடமாட்டார். விசைப்பலகைதான் எல்லாம். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் காதில் படித்துச் சொல்லும். அவர் வைத்திருக்கிற வேகத்தில் அது இரண்டு எலிகள் சொத்துத் தகராறு செய்வதுபோல் கேட்கும். நான் ஒருநாள் அதன் குரலைக் குழந்தைக் குரலாக மாற்றி வைத்தேன். மாமா மத்தியானம் வரை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, "புதுப் பொண்ணு நல்லாத்தான் படிக்குது, என்ன, மூக்குல சளி" என்றார். எங்கள் வீட்டில் எல்லா விளையாட்டும் உண்டு. நாற்காலியை நகர்த்துகிற விளையாட்டு மட்டும் கிடையாது.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியின் வெப்சைட் அவரிடம் வந்தது. டாக்டரைப் பார்க்க அதில் நேரம் பதிவு செய்யலாம். பட்டன்களில் படம்தான் இருந்தது, பெயர் கொடுக்கவில்லை. பார்க்கிறவனுக்குக் காலண்டர் படம். மாமாவுக்கு வெறும் "பொத்தான், பொத்தான், பொத்தான்."

"பஸ்ஸுக்கு போர்டே இல்லடா. கையைக் காட்டி ஏறினாதான் எங்க போகுதுன்னு தெரியும்" என்றார்.

இதைக் கண் தெரியாதவர்கள் பயன்படுத்த முடியாது, சரிசெய்யாமல் வெளியே விடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி மேனேஜர் நம்பவில்லை. நேரில் வந்து செய்து காட்டச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் நடந்ததை மாமா எங்களுக்கு இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை பெருமையாக.

அறைக்குள் போனதும் மேனேஜர் மாமாவிடம் பேசாமல், கூட வந்த அவர் கம்பெனி டீம் லீடர் மேடத்திடம், "பாவம், சாருக்கு நாற்காலியைக் காட்டுங்க. இவரால முடியுமா?" என்றாராம். மாமாவுக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் பக்கத்தை வாரக்கணக்கில் உருட்டியவர். எந்தப் பொத்தானுக்குப் பின்னால் எது என்று விரலுக்கே தெரியும். கடகடவென்று தட்டி, கண் டாக்டரிடம் நேரம் பதிவு செய்து முடித்துவிட்டார். அறையே கைதட்டியது.

"இவரால முடியுமான்னு கேட்டான்ல? வாயே திறக்கலடா அதுக்கப்புறம்!"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்போ அந்த சைட்டு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாவா? குப்பை அக்கா அது."

"குப்பைன்னு காட்டத்தானே போனே?"

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்மா விடவில்லை. "கண்ணு தெரியாதவங்க எல்லாரும் உன்னை மாதிரி மனப்பாடம் பண்ணிட்டுத்தான் டாக்டரைப் பார்க்கணுமா?"

அவர் எழுந்து போய் மெயிலைக் கேட்டார். மேனேஜர் எழுதியிருந்தார்: நேரில் பார்த்துத் திருப்தி, மாற்றம் எதுவும் தேவையில்லை, திங்கட்கிழமை வெளியிடுகிறோம். எலிக்குரல் அதை நல்ல செய்திபோலவே படித்தது.

மாமா திரும்பி வந்து அதே கதையை இரண்டாம் தடவை சொன்னார். தலை குனிந்திருந்தது. கைதட்டலை விட்டுவிட்டார்.

"பஸ்ல பண்ணினதையேதான் மறுபடியும் பண்ணியிருக்கேன்" என்றார்.

அது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. கண் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்தபோது மாமா யாரிடமும் சொல்லவில்லை. ரூட்டுதான் மனப்பாடமாயிற்றே. எங்கே திருப்பம், எங்கே பள்ளம், எந்த ஸ்டாப்பில் பிரேக், எல்லாம் காலுக்குத் தெரியும். அப்படியே ஓட்டினார். ஒருநாள் ஒரு ஸ்டாப்பில் மணி அடிக்கவில்லை, யாரும் இல்லையென்று நினைத்துத் தாண்டிப் போனார். அங்கே கையைக் காட்டிக்கொண்டு நின்றது என் அம்மா. தம்பிக்குக் கோபம் என்று நினைத்து அவள் ஒரு வாரம் பேசவில்லை. காரணம் கேட்டுச் சண்டைக்குப் போன அன்றுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் அவரே டிப்போவில் போய்ச் சாவியைக் கொடுத்தார்.

மாமா அந்த டீம் லீடர் மேடத்தை போனில் கூப்பிட்டார். "மேடம், இன்னொரு கூட்டம் வேணும்."

"சார், அவங்க சந்தோஷமா இருக்காங்க. எதுக்கு நாமளே போய்க் கிளறணும்?"

"நான் காட்டினது பொய் மேடம்."

மறுநாள் வீடியோவில் கூட்டம். மாமா எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம், சிரிக்காமல்.

"நேத்து நான் ஓட்டினது பழகின ரூட்டு சார். வித்தை காட்டிட்டேன். இப்போ பட்டன் வரிசையைக் கலைச்சுக் குடுங்க" என்றார். அந்தப் பக்கத்து புரோகிராமர் கலைத்துக் கொடுத்தான்.

மாமா தட்டினார். பொத்தான். தட்டினார். பொத்தான். எலும்பு டாக்டர் பக்கத்துக்குப் போய்விட்டார். திரும்பி வர வழியில்லை. முதலில் இருந்து ஆரம்பித்தார். பஸ் ஓட்டின அந்தப் பெரிய கை, இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற கை மாதிரி தடவியது. கடைசியில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். காதில் ஒன்றுமே வரவில்லை.

"பதிவு ஆயிடுச்சா சார்?" என்றார் மேனேஜர்.

"தெரியல."

புரோகிராமர் தொண்டையைச் செருமினான். "நேத்து பதிவு பண்ணினதை கேன்சல் பண்ணிட்டீங்க சார்."

அங்கே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள், அது சிரிப்பைவிட மோசம். மாமாவின் காது சிவந்துவிட்டது. எனக்கு அந்தச் சிரித்தவனின் நாற்காலிக்கு ஒரு வழி பண்ணவேண்டும் போல இருந்தது.

மேனேஜர், "திங்கட்கிழமை வேண்டாம். சரிபண்ணிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்றார். இந்தத் தடவை கைதட்டல் இல்லை.

மாமா லேப்டாப்பை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெயித்த முகம் இல்லை அது. அம்மா டீயை வைத்து, "வலது பக்கம்" என்றாள்.

அவர் டீயைத் தொடவில்லை.

"அக்கா, அன்னிக்கு ஸ்டாப்ல எவ்வளவு நேரம் நின்னே?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இழுக்காமல், அது இருந்த இடத்திலேயே.

"அடுத்த பஸ் வர்ற வரைக்கும்டா" என்றாள். "மழை வேற."