அம்மா நிமிர்த்திய வளையம்

குளியலறைக் கதவைத் திறந்ததும் பச்சை மணம் மூக்கில் ஏறியது. மகள் சைப்பிரஸ் கிளைகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். அந்த நொடியே நான் எங்கள் பழைய இல்ஃபோர்ட் வீட்டில், ஒன்பது வயதுச் சிறுமியாக நின்றேன்.

அந்த டிசம்பரில் பக்கத்து வீட்டு மார்கரெட் அன்ரி தன் வேலியைக் கத்தரித்து, ஒரு கட்டுக் கிளைகளைத் தந்தார். காம்பின் அடியை நசுக்கி ஊறவைத்தால் கிறிஸ்மஸ் வரை வாடாதாம். குளியல் தொட்டியில் அப்படியே செய்தேன். ஷிப்ட் முடிந்து குளிக்கப் போன அப்பா, "இதென்ன, செடிப் பத்தைக்குள்ளயோ குளிக்கிறது?" என்று கத்தினார்.

மறுநாள் கிளைகளைக் கம்பி வளையத்தில் சுற்றிக் கட்டினேன். விரலெல்லாம் பிசின். தெருவில் எல்லாக் கதவிலும் கிறிஸ்மஸுக்கு இப்படிப் பச்சை வளையம் தொங்கியது. இனி எங்கள் கதவிலும்! துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அம்மா மறித்தார். "செத்த வீட்டுக்குக் கொண்டுபோற வளையத்தை வாசல்ல கொழுவுறதோ? ஏலாது!"

எனக்கு அழுகை முட்டியது. அம்மா கையை நீட்டினார்.

"இஞ்ச கொண்டா."

கம்பியை அவிழ்த்து, முழங்காலில் வைத்து நிமிர்த்தினார். கதவுக்கு மேலே குறுக்கே கட்டினார். பச்சைப்பசேலென்று தோரணம்! தெருவிலேயே எங்களிடம் மட்டும்!

மாலையில் மணி அடித்தது. மார்கரெட் அன்ரி தன் வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தோரணத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"அம்மா, கம்பியை வளைக்கட்டோ?" இப்போது மகள் கூப்பிடுகிறாள்.

"வேண்டாம், வாறன்!"