கார்டில் எழுதியிருந்த வேலை

விசா தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியறையில் இருந்த ஏஜென்ட்டின் முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன். வேலை என்ற இடத்தில் 'மசாஜ் பணியாள்' என்று இருந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் படித்தேன். பிறகு ஆறு வருடம் ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து கை தூக்க முடியாமல் வந்தவர்கள் சோற்றுருண்டையைத் தாங்களே வாய்க்குக் கொண்டுபோகும் வரை கூடவே நின்றிருக்கிறேன்.

"அண்ணே, இதில வேற வேலையில்லா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அது ஒரு பேரு மட்டுமாக்கும் மக்கா" என்றார் ஏஜென்ட். "உனக்க சர்ட்டிபிக்கேட்டை அட்டெஸ்ட் செய்து வர நாளாகும். அதுவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க. அங்க போய் மூணு மாசத்தில மாத்திக்கலாம். நம்ம பிள்ளைய கொண்டு தள்ளிவிட்டுட்டு நான் சும்மா இருப்பனா?"

அவர் எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வருகிறவர். நம்பினேன். கையெழுத்துப் போட்டேன். கணவரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டிய என் மகளுக்கு அப்போது நான்கு வயது.

வளைகுடா நகரத்தில் நான் போய்ச் சேர்ந்தது ஒரு புனர்வாழ்வு மையம். முதல் நாளே எனக்கு நோயாளிகளைத் தந்துவிட்டார்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள். நான் பார்த்தேன், திட்டம் போட்டேன், நடக்க வைத்தேன். குறிப்பெழுதியதும் நான்தான். ஆனால் அடியில் கையெழுத்துப் போட்டது உரிமம் வைத்திருந்த இன்னொருவர். மாலையில் நோயாளிகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்து, அடுக்கி வைத்த காகிதங்களில் பேனாவை ஓட்டிவிட்டுப் போவார்.

மூன்று மாதம் கழிந்தது. ஆறு மாதமும் கழிந்தது. அரசாங்கக் காகிதங்களைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் அங்கே இருந்தார், மலையாளி. அவரிடம் போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "நோக்காம் சிஸ்டரே." பார்க்கலாம் என்று அர்த்தம். நான் நர்ஸ் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

விசாவில் இருந்த அதே வேலையை எழுதி அரசாங்கம் ஓர் அடையாள அட்டை தந்திருந்தது; அதை எங்கே போனாலும் நீட்ட வேண்டும். ஒரு நாள் மையத்திலிருந்து ஒரு முதியவரின் வீட்டுக்கு சிகிச்சைக்காக அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தின் காவலாளி அட்டையை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் நின்ற இன்னொருவனுக்கும் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "இந்தக் கட்டடத்தில வேற ஆட்களுக்கும் செய்வியா?" என்று இந்தியில் கேட்டான். நான் அட்டையை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். முதியவரின் காலைப் பிடித்து, எண்ணி இருபது தடவை மடக்கி நீட்டினேன்.

மசாஜ் செய்வது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அதே மையத்தில் அந்த வேலை செய்த இரண்டு பெண்கள் என்னோடுதான் அறையில் தங்கியிருந்தார்கள். காவலாளிகளின் அந்தச் சிரிப்பை அவர்கள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் கோபம் வேறு. என் படிப்பை வேண்டிய மட்டும் பிழிந்து எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் படிப்பு எனக்கு இல்லை என்று அரசாங்க அட்டையில் எழுதியும் தருகிறார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள், ஒரே மேசையிலிருந்து செய்கிறார்கள்.

ஒரு வருடம் முடிந்ததும் கணவரையும் மகளையும் கூட்டிவர மனு கொடுத்தேன். கௌண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். குடும்பத்தை அழைத்துவர ஒரு பெண்ணுக்கு அனுமதி வேண்டுமென்றால் அவள் வேலை ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். டாக்டர் உண்டு, ஆசிரியை உண்டு, பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. என் அட்டையில் இருந்த வேலை மட்டும் அதில் இல்லை.

"நான் பிசியோதெரபிஸ்ட்தான்" என்றேன்.

"இதில் அப்படி இல்லையே" என்றாள் அவள். திட்டும் தொனியில் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அட்டெஸ்ட் செய்த பட்டம் இருந்தால் மாற்றலாம். உங்கள் கம்பெனி ஒரு படிவம் கொடுத்தால் போதும். அவர்கள் சொல்லவில்லையா?"

ஒரு படிவம். அதற்காக நான் பதின்மூன்று மாதம் சிரித்த முகங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

அன்றைக்குக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வயரிங் வேலை செய்கிறவர். அப்போது ஆரியங்கோட்டில் ஒரு வீட்டுக் கூரையடியில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். நான் அழுதேன்.

"அழாத மக்கா" என்றார். "எனக்கு அந்த சர்ட்டிபிக்கேட் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

மிச்சம் அவ்வளவு லேசாக இல்லை. திருவனந்தபுரத்தில் கேட்டபோது, பட்டம் தமிழ்நாட்டுடையது, சான்று முத்திரைக்கு அங்கேதான் போக வேண்டும் என்றார்கள். அவர் மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, நாகர்கோவில் போய் ரயில் ஏறி, சென்னைக்குப் போனார். அங்கே காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பட்டத்தில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என் பெயருக்குப் பின்னால் வால்போல நின்றது. இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இந்த எல்லையோரத்தில் யாருடைய பெயரும் இரண்டு காகிதத்தில் ஒன்றுபோல இருக்காது. பள்ளிக்கூடத்தில் தமிழில் எழுதுவார்கள், ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதுவார்கள். இரண்டிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும்போது ஆளே மாறிப்போவார். அதற்கு நான் என்ன செய்வேன்?

ஊருக்குத் திரும்பி வில்லேஜ் ஆபீசுக்குப் போனார். இரண்டு பெயரும் ஒருவருக்கு உரியவை என்று சான்றிதழ் தருவார்கள். மனுவை வாங்கிய அலுவலர் இரண்டு காகிதங்களிலும் இருந்த என் போட்டோக்களை அருகருகே வைத்துப் பார்த்தாராம்.

"ரண்டும் ஒராளு தன்னே அல்லே?" என்று கேட்டாராம், இரண்டும் ஒரே ஆள்தானே என்று.

"எனக்க பெண்டாட்டியாக்கும் சாரே. எனக்குத் தெரியாதா?"

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்களாம். போனில் இதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நான்தான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதைச் சொல்ல ஒரு முத்திரை வேண்டியிருந்தது.

மறுபடி சென்னை, பிறகு தூதரக முத்திரைக்கு டெல்லி. டெல்லி வேலையை ஒரு கூரியர்காரர் மூலம் செய்தார். எல்லா முத்திரையும் விழுந்த பட்டம் என் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதைக் கொண்டுபோய் மேலாளரின் மேசைமேல் வைத்தேன்.

"இப்போது என்ன அவசரம்? வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது?" என்றார் மேலாளர்.

"நாளை முதல் என் அட்டையில் எழுதியிருக்கிற வேலையை மட்டும் செய்கிறேன்" என்றேன். "நோயாளிகளை அந்தக் கையெழுத்துக்காரரே பார்க்கட்டும்."

சொன்னபடியே செய்தேன். மறுநாள் என் பட்டியலில் இருந்த ஒன்பது நோயாளிகளும் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். வாக்கருடன் வந்த ஒரு பாட்டையா என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை விசாரித்தார் என்று வரவேற்பில் இருந்த பெண் வந்து சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது நாள் மையத்திலிருந்து அந்தப் படிவம் போனது. உரிமத் தேர்வுக்கும் அனுமதித்தார்கள். எழுதித் தேறினேன். புதிய அட்டை வந்தது. குடும்ப விசாவும் வந்தது.

விமான நிலையத்தில் இருவரும் வெளியே வந்தபோது மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் அப்பாவின் பின்னால் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போ மக்கா, அம்மையில்லா?" என்றார் அவர்.

அவள் எட்டிப் பார்த்தாள். போனில் பார்த்த முகம் நேரில் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு வாரத்தைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஏஜென்ட் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"குடும்பமெல்லாம் வந்தாச்சுன்னு கேட்டேன் மக்கா. நான் அண்ணைக்கே சொன்னனில்லா? நம்ம ஆபீசப் பத்தி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பு. புது பிள்ளைகளுக்கு ஒரு தைரியமாட்டு இருக்கும்."

என்னென்னவோ கேட்க நினைத்து, "எடுத்து அனுப்புறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

எடுத்தேன். பழைய அட்டையின் நகலைப் பிடித்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை வாசித்தேன். மாடியறையில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வாசித்த பிறகும் நான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவருக்கும் அனுப்பினேன், சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். குழுவில் இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள்; சபைக்காரனைச் சந்திக்கு இழுக்கலாமா என்றார்கள். ஒருவர் குழுவை விட்டே போனார்.

நான்காம் நாள், வீடியோவைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப்பக்கம் திருப்புறத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். எனக்குத் தெரியாதவர். அவர் மகள் லேப் டெக்னீஷியன், அடுத்த வாரம் அதே ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போடப் போகிறாள்.

"விசாத் தாளில இங்கிலீஷில என்னமோ எழுதியிருக்கு மோளே. நாங்க கேட்டா, அது சும்மா ஒரு பேருன்னு சொல்லுகாரு. உனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"அனுப்புங்க அம்மா. நான் பாத்துச் சொல்லுகது வரைக்கும் பேனாவத் தொட வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க."

போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை என்ற இடத்தில் 'துப்புரவுப் பணியாள்' என்று இருந்தது.