மகளுக்குத் தைத்த உடுப்பு

கொரோனா இரண்டாம் அலை வந்தபோது என் மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு சின்ன பவர் டேபிள் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள் கொடுப்பதைத் தைத்துத் தருகிற இடம். ஊரடங்கில் எங்கள் மெஷின்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. அவள் மட்டும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் பயம். அக்கம்பக்கத்தில் பெருமையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்.

ஒருநாள் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, பாதுகாப்பு உடுப்பு தட்டுப்பாடு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வார்டுக்குள் போகிறோம் என்றாள். பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். வேலையை விட்டுவிடு என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதம் அப்படியே என்னுடையது, யாரைத் திட்டுவது?

மறுநாள் எங்கள் வீதிக்காரர்களிடம் போய், அந்த உடுப்பை நாமே தைத்துக் கொடுக்கலாம் என்றேன். ஆர்டர் என்றால் ஒருவர் காலை ஒருவர் வாருகிற கூட்டம் நாங்கள். அன்று யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது அந்த ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார்கள். எழுந்து வராதவர்களும் உண்டு. கடைகளுக்குப் பை தைக்கிறவர், பிளாஸ்டிக் பூச்சு போட்ட நான்-ஓவன் துணியை உருளை உருளையாக இறக்கினார். எதிர்வீட்டுக் கட்டிங் மாஸ்டர் வெட்டினார். ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட தூத்துக்குடிப் பக்கத்து டைலர்களும் பீகார் டைலர்களும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து தைத்தார்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். நகர்ந்தது.

தப்பு அளவில் நடந்தது. எங்கள் எல்லோருக்கும் பனியன் துணியில் பழகிய கை. அது இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். உடம்பை ஒட்டி வெட்டினாலும் குனிய நிமிர இடம் தரும். நான்-ஓவன் இழுபடாது, காகிதம் மாதிரி. நாங்களோ டி-ஷர்ட் அளவையே கொஞ்சம் நீட்டி வெட்டித் தைத்தோம். போட்டு நின்று பார்த்தோம், கச்சிதமாக இருந்தது. ஒருவருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

உடுப்புகள் போய்ச் சேர்ந்த அன்றே, சாயங்காலம் வீடு வந்த மகள் வண்டியை விட்டு இறங்காமல் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"கிட்ட வராதீங்கம்மா. மூச்சு வாங்குன ஒருத்தரைத் தூக்கி உக்கார வெச்சேன். அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் பிரிஞ்சிருச்சு. அவரு என்மேலயே இருமிட்டு இருந்தாருங்கம்மா."

மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரிசோதனைக்குக் கொடுத்து முடிவுக்குக் காத்திருந்தோம். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்குவேன். மேலே அவள் தொண்டையைச் செருமினால் கீழே நான் மாடிப்படியில் வந்து நிற்பேன். சென்னிமலை முருகனிடம் அழுதேன், பிறகு அவனையே வாயில் வந்தபடி திட்டினேன். வெந்நீர் போடப் போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றிருக்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுத்தது பூராத்தையும் திருப்பி வாங்கிட்டு வந்துட்டோமுங்க அக்கா. அகலம் வெச்சுப் புதுசா வெட்டிரலாமுங்க. நீங்க வந்து சொல்லுங்க."

அவரைக் கண்டபடி ஏச வேண்டும் போலிருந்தது. ஏசவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனேன். பின்பக்கம் தாராளமாக விட்டு, அக்குளில் தனித் துண்டு வைத்துத் தைத்தோம். இந்தமுறை, பிள்ளையார் முன்னால் போடுவது போல ஆளாளுக்கு அதை மாட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுப் பார்த்தோம். பீகார்க்காரர் ஒருவர் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

முடிவு வந்ததும் மாடியிலிருந்தே சொன்னாள், நோய் இல்லையாம். வீதியே சந்தோஷப்பட்டது. எனக்கும் உயிர் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. லேசாக வந்திருக்கக் கூடாதா, கொஞ்ச நாளாவது வீட்டோடு இருப்பாளே என்று. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? பயம் கண்டதையும் நினைக்க வைக்கிறது.

மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

"புதுசு தைச்சிருக்கீங்களாமே. ஒன்னு குடுங்கம்மா, போட்டுப் பாக்கறேன்."

கூடத்தில் நின்று போட்டாள். குனிந்தாள், கையைத் தூக்கினாள், உட்கார்ந்து எழுந்தாள். எங்கேயும் பிரியவில்லை.

"திரும்பு கண்ணு" என்று சொல்லி, தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டு போனேன். எங்காவது ஒரு பிசகு கிடைத்தால் போதும், பிரித்துத் தைக்கிறேன் என்று இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பேன். திரும்பத் திரும்பத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாகத்தான் தைத்திருந்தோம்.