ரேணிகுண்டாவில் ஒரு ரஷ்ய நோயாளி

கிர்கிஸ்தானில் மூன்றாண்டு மருத்துவம் படித்ததில் தரணிக்குத் தெலுங்கு நன்றாகத் தேறியிருந்தது. விடுதியில் பாதிப் பேர் கடப்பா, மீதிப் பேர் நெல்லூர். பாடம் ஆங்கிலத்தில். எதிர்க்கடைக்காரரோ இவர்களுக்காகவே இந்தி கற்றுக்கொண்டுவிட்டார். நோயாளிகளுக்கு மட்டும் பிடிவாதமாக ரஷ்ய மொழியிலேயே வலித்தது. கட்டிலருகே நின்று விசாரித்து நோயைச் சொல்லும் தேர்வில், மனப்பாடக் கேள்விகளைக் கேட்டவளுக்குப் பதில் ஒன்றும் புரியவில்லை. செப்டம்பரில் மறுதேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு.

விடுமுறைக்குப் புத்தூர் வந்து இதைச் சொன்னதும் நைனா அப்பாவு அசரவில்லை. மாந்தோப்புக்காரர்; காய் வேண்டுமென்றால் மரத்தடிக்குப் போக வேண்டியதுதானே என்கிற அளவுக்கு அவர் உலகம் நேரானது. காளஹஸ்தி ராகு கேது பூஜைக்கு ரஷ்யாக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள், விமானமோ ரயிலோ ரேணிகுண்டாவில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று யோசித்து, அவர்களோடு பேசிப் பழகட்டுமென்று மகளை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்.

"அவங்களுக்கு ராகு புடிச்சதுல நமக்கும் ஒரு நல்லது நடக்கட்டுமே" என்றார்.

ஸ்டேஷனில் நைனா முதலில் வழிமறித்தது ஒரு பிரெஞ்சுக்காரரை. அவரை விடுவிப்பதற்குள் தரணிக்கு மானம் போயிற்று. அப்புறம் நிஜமாகவே வந்தார்கள், புடவையும் வேட்டியுமாக ஒரு ரஷ்யக் கூட்டம். அதில் பருத்த ஓர் அம்மாள் தலைசுற்றி நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தரணிக்குப் பயமா குஷியா என்று பிரிக்கத் தெரியவில்லை. குனிந்து நாடி பிடித்தாள். மார்பு வலியா, சர்க்கரையா, முன்பும் இப்படி வந்ததுண்டா என்று தேர்வு வரிசை மாறாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. கடைசியாகத்தான் சாப்பாட்டுக் கேள்விக்கு வந்தாள். பூஜைக்காக நேற்றிலிருந்து விரதமாம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

அப்பாவு ஓடிப்போய் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு வாங்கிவந்தார். குடித்ததும் அந்த அம்மாளுக்கு உயிர் வந்தது. கூடவே பேச்சும் வந்தது. தரணியின் கையை விடாமல் கொட்டித் தீர்த்தார். இவளும் உச்சுக்கொட்டினாள், குறுக்குக் கேள்வி போட்டாள். ஒருகட்டத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மனத்துக்குள் மொழிபெயர்ப்பது எப்போது நின்றுபோனது என்று தரணிக்கே தெரியவில்லை.

"இன்னும் இன்னாம்மா நோவு சொல்லிக்கினு கீது?" என்றார் அப்பாவு.

"நோவெல்லாம் பூட்ச்சி நைனா. மருமவ சரியில்லயாம்."

அப்பாவு பெஞ்சில் நிம்மதியாகச் சாய்ந்தார். "அதுவே புரிஞ்சிப்போச்சின்னா, நீ பாஸு."