வெள்ளிக்கிழமை முழுக்கும் சறோ அக்காவும்

சறோ அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகன் தினேஷ்தான் ஃபோனில் கூப்பிட்டார். "அன்ரி, அம்மா விடியப்புறம் நித்திரையிலையே போயிட்டா" என்றார். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. வேலைக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

இறுதிச் சடங்கில் தினேஷ் நன்றாகத்தான் பேசினார். பள்ளிக்கூடச் சமையலறையில் அம்மா பட்ட பாட்டையும், ஞாயிறு தவறாமல் எங்களை நடக்கக் கூட்டிப்போனதையும் சொன்னார். கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த கதைக்கு வந்தார். "அமெரிக்காவிலை டெசேர்ட்டுக்கை காம்பிங் போய், எல்லாற்றை தண்ணியையும் ஊத்திப்போட்டு வந்தவா எங்கடை அம்மா." மண்டபம் சிரித்தது. வெட்கம் கெட்ட நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அந்தத் தண்ணீரை ஊற்றியவர் சறோ அக்கா இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நினைவு நூலுக்கு இரண்டு பக்கம் தரும்படி தினேஷ் கேட்டார். இதைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று தீர்மானித்தேன்.

நான் சறோ அக்காவைச் சந்தித்தபோது என் கணவர் என்னை விட்டுப் போய் ஆறு மாதம். கடைக்குப் போனால் யாராவது விசாரிப்பார்கள் என்ற பயத்தில் பாலும் பாணும் வாங்கக்கூட வெளிக்கிடாமல் கிடந்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த அவர் ஒருநாள் கதவைத் தட்டி, சுகம்கூடக் கேட்காமல், "பிள்ளை, உம்மட்டை நடக்கிற சப்பாத்து இருக்கோ?" என்றார். "இல்லை" என்றேன். "அப்ப கால் அளவைச் சொல்லும்." மற்ற ஞாயிறு ஒரு சோடி சப்பாத்தோடு வந்து நின்றார். மறுக்க வாயெடுத்த என்னிடம், "பேசாமல் வாரும், பஸ் போகப்போகுது" என்றார். அப்படித்தான் அந்த நடைக் கூட்டத்தில் சேர்ந்தேன். கூட்டத்தின் தலைவர் குகன் அண்ணை. நல்ல மனிதர், ஆனால் மூக்கு நுனியில் கோபம்.

மூன்று மாதம் கழித்து, நாங்கள் ஆறு பேர் அமெரிக்காவுக்குப் போனோம். பாலைவனத்தில் ஒரு பெரிய ஏரி, அதைச் சுற்றிச் செம்பாறைகள். பாறைகளுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்தால் இயற்கையாய் அமைந்த ஒரு கல் வளைவைப் பார்த்துத் திரும்பலாம். அந்த வளைவின் படம் சறோ அக்காவின் குளிர்ப்பெட்டியில் வருடக்கணக்காய் ஒட்டியிருந்தது. பயணத்தை மூட்டிவிட்டவரே அவர்தான். நடப்பதற்கான அனுமதி ஒரே ஒரு நாளுக்குத்தான் கிடைத்தது. அது வெள்ளிக்கிழமை.

வியாழன் பின்னேரம் கூடாரம் அடித்தோம். சிவப்பும் வெள்ளையுமாய் வரி வரியாய் நின்ற பாறையைப் பார்த்து அக்கா, "அங்கை பாரும், குரக்கன் புட்டுக்குத் தேங்காய்ப்பூ வைச்ச மாதிரி" என்றார். சோறும் கருவாட்டுச் சம்பலும் தின்றுவிட்டு, கீழே தெரிந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த நாள் அது.

வெள்ளி விடிந்தது. சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் நான் எதையும் தொட்டதில்லை. மற்றவர்கள் எழும்ப முன், எல்லாருக்குமாய்க் கொண்டுவந்திருந்த இரண்டு தண்ணீர்க் கான்களையும் பாறைக்குப் பின்னால் இழுத்துப்போய், ஒன்றை முழுதாகவும் மற்றதில் அரைவாசியையும் தலையில் ஊற்றி முழுகினேன். ஏரிதான் பக்கத்தில் இருக்கிறதே, ஆண்கள் போய் அள்ளி வரட்டும் என்பது என் கணக்கு. அந்த ஏரி செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கிறது, இறங்க வழியே இல்லை என்று குகன் அண்ணை முதல்நாளே சொன்னாராம். நான் காதில் வாங்கவில்லை.

ஈரத் தலையோடு வந்த என்னை முதலில் கண்டவர் சறோ அக்கா. கான்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடி விசரி" என்று மெல்லச் சொன்னார். தன் சால்வையை என் தலையில் இறுக்கிக் கட்டினார். இரண்டு கான்களையும் எங்கள் கூடாரத்தடிக்கு இழுத்து வந்து, வெறும் கானைச் சரித்துப்போட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டுக் கத்தினார்: "ஐயோ குகன், என்ரை கால் தட்டுப்பட்டு ரெண்டு கானும் சரிஞ்சு போச்சு! ராத்திரி மூடியையும் சரியாய்ப் பூட்டேல்லைப் போல!"

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? இனி எப்பிடி நடக்கிறது?" குகன் அண்ணை குதித்த குதிப்பு சொல்லி முடியாது. இருந்த தண்ணீரோடு அந்த வெயிலில் ஒருவரும் நடக்க ஏலாது. கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

வாகனத்தின் பின் இருக்கையில் நான் அழுதேன். "ஏன் அக்கா உப்பிடிச் சொன்னியள்?" என்று கேட்டேன்.

"என்னைப் பேசினால் பேசிப்போட்டுப் போவாங்கள். எனக்குத் தோல் தடிப்பு. உம்மைப் பேசினால் நீர் மற்ற ஞாயிறு வரமாட்டீர். திரும்பவும் அந்த வீட்டுக்கை போய்ப் பூட்டிக்கொண்டு கிடப்பீர். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, சரியோ?"

"ஓம் அக்கா" என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி, கண்ணுக்குத் தெரியும் மட்டும் அந்தப் பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருசம் திரும்பப் போவம்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். முதலில் என் வேலை தடுத்தது, பிறகு அவர் முழங்கால். கல் வளைவை அவர் பார்க்கவேயில்லை. கூட்டத்தில் 'தண்ணி அக்கா' என்ற பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

குகன் அண்ணை, பேச வேண்டியதை இனி என்னைப் பேசுங்கோ. தினேஷ் தம்பி, உங்கள் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்கவில்லை. என்னைக் காப்பாற்ற ஊற்றிய அந்த ஒரு கோப்பையைத் தவிர.

அக்கா, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று நீங்கள் சொன்னதை இத்தனை வருடம் கேட்டு நடந்தேன். இனி ஏலாது. இந்த ஞாயிறும் நான் நடக்கப் போறன். நீங்கள் போயிட்டு வாங்கோ.